மோட்டார் வண்டியின் மேனி மெருகு

தில்லியில் வாழும் நம்மவர்கள் கோடைப் புழுதியை நன்கறிவர். ராஜஸ்தானத்துப் பாலைவனத்திலிருந்து காற்றோடு வரும் அப்புழுதி, வேப்பமரத்தடியில் நிற்கும் மோட்டார் வண்டிகளின்மீது ஓர் இரவுக்குள் போர்வை போலப் படிந்துவிடும். விடியற்காலையில் ஒருவர் வருவார். அவர் கையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் இருக்கும். அந்த ஒரு வாளியைக் கொண்டே பத்து வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போவார். வண்டிகளும் துலங்கத்தான் செய்கின்றன. ஆயினும் மாலை வெயில் சாய்வாக விழும் வேளையில் அவற்றின் முகப்பை உற்று நோக்குங்கள். சிலந்தி வலை பின்னினாற்போல ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் வட்டமிட்டுத் தோன்றும். புழுதியில் உள்ள மணல் துணியோடு சேர்ந்து உப்புத்தாளின் வேலையைச் செய்துவிட்டது என்பதே இதன் பொருள்.

இவ்வாறு சீர்குலைந்த வண்டிகளைப் பழைய பொலிவுக்குக் கொண்டுவருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்று நம் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றனர். அத்தொழிலுக்கு அவர்கள் வைத்துள்ள பெயரை நேராகத் தமிழாக்கினால் 'வர்ணத் திருத்தம்' என்று வரும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் பிடித்திருக்கிறது. அச்சுக்குப் போகும் படியைத் திருத்துபவர் சில சொற்களைச் சேர்ப்பார், சிலவற்றை நீக்குவார். வர்ணத்தைத் திருத்துபவருக்கோ நீக்குவது ஒன்றே வழி. சேர்ப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. இத்தொழிலின் சிறப்பும் ஆபத்தும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருக்கின்றன.

இதன் வேர்கள் மோட்டார் வண்டிக்கு முற்பட்டவை. குதிரை பூட்டிய கோச்சு வண்டிகளுக்கு ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் காய்ச்சிய வார்னிஷைத் தூரிகையால் பூசினார்கள். ஒரு பூச்சு உலர்ந்ததும் நுரைக்கல் தூளும் நீரும் இட்டுத் தேய்ப்பார்கள். பிறகு அடுத்த பூச்சு. இப்படியே பூசுவதும் தேய்ப்பதுமாக ஒரு வண்டி முடிவதற்குப் பல வாரங்கள் செல்லும். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பளபளப்பைக் காப்பதற்கு வண்டிக்காரர்களுக்குக் கண்டிப்பான விதிகளும் இருந்தன. புழுதியை உலர்ந்த துணியால் துடைக்கலாகாது. தாராளமாக நீர்விட்டுக் கழுவ வேண்டும். வெயிலில் நிறுத்திக் கழுவலாகாது. லாயத்துக்கு அருகிலும் வண்டியை வைக்கமாட்டார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி வார்னிஷைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. விடியற்காலை வாளிக்காரருக்கு இவ்விதிகளை யாரேனும் சொல்லிக் கொடுத்தால் நலமாயிருக்கும்.

கோச்சுத் தொழிலாளரே பின்னர் மோட்டார்த் தொழிலாளராக மாறினர். சென்னையில் 1840-ஆம் ஆண்டு தொடங்கிய சிம்சன் கம்பெனி கோச்சு கட்டும் நிறுவனமே. அங்கு 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்று உருவாயிற்று. அமெரிக்காவில் பிராங்க் மெகுவையர் என்பவர் 1901-இல் மரச்சாமான்களுக்கான மெருகெண்ணெய் தயாரித்து விற்கத் தொடங்கினார். அக்காலத்து மோட்டார் வண்டியின் உடல் பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதன்மேல் பூசியதும் நாற்காலி மேசைக்குப் பூசுவதைப் போன்ற வார்னிஷ்தான். ஆகவே மேசையைத் துலக்கிய எண்ணெய் காரையும் துலக்கிற்று. இன்று கார் மெருகுப் பொருள்களுக்கு உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே.

ஆனால் இந்த நிதானம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1914-ஆம் ஆண்டளவில் ஒரு வண்டியின் அடிச்சட்டத்தை 93 நிமிடங்களில் பூட்டி முடித்தார்கள். 93 நிமிடங்களில் வண்டி தயார், வர்ணம் உலர மட்டும் வாரக்கணக்கு என்றால் தொழிற்சாலை என்னாவது? சூளையில் வைத்து விரைவில் உலர்த்தக்கூடிய கருநிறப் பூச்சு கைகொடுத்தது. 1914 முதல் 1925 வரை அவரது 'டி' மாதிரி வண்டிகள் கறுப்பு நிறத்தில் மட்டுமே வெளிவந்தமைக்கு இது ஒரு முக்கிய காரணம் என்பர்.

இந்த முடிச்சை அவிழ்த்தது டூபாண்ட் கம்பெனியின் 'டூக்கோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு வர்ணம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1923-இல் ஓக்லண்டு என்னும் தன் வண்டிக்கு நீல நிற டூக்கோவை அடித்து வெளியிட்டது. வாரங்கள் மணிகளாகக் குறுகின, நிறங்கள் பெருகின. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த அரக்கு, துப்பாக்கிக் குழாயிலிருந்து தெளித்தவுடன் மங்கலாகவே தோன்றும். கம்பவுண்டு போட்டுத் தேய்த்தால்தான் ஒளிரும். எனவே தேய்ப்பவர் தொழிற்சாலைக்கே இன்றியமையாதவர் ஆனார். நீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை 3எம் நிறுவனம் 1921-இல் சந்தைக்குக் கொணர்ந்திருந்தது. உலர்ந்த தாளால் தேய்க்கும்போது ஈயம் கலந்த வர்ணத்தூள் தொழிலாளரின் மூச்சோடு உட்புகும். நனைத்துத் தேய்ப்பதால் அத்தூள் பெருமளவு அடங்கிற்று. பளபளப்பைப் பற்றிப் பேசும் நாம் அந்தச் சுவாசப் பைகளையும் ஒரு கணம் நினைப்பது தகும்.

அதே நிறுவனத்தின் ரிச்சர்டு ட்ரூ, இரட்டை நிறக் கார்களுக்கு வர்ணம் தீட்டுவோர் ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது புது வர்ணமும் கூடவே உரிந்து வருவதைக் கண்டு, எளிதில் எடுக்கக்கூடிய ஒட்டுநாடாவை 1925-இல் உருவாக்கினார். இன்று வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடிப்பவரும் அதைக் கையாளுகிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹௌராவில் ஷாலிமார் வர்ணத் தொழிற்சாலை 1902-இலும், அந்நாளைய பம்பாயில் பின்பு நெரோலாக் எனப் பெயர் பெற்ற நிறுவனம் 1920-இலும் தோன்றின. சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகளே கிடைத்தன. அவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கும் வண்டியை எப்படியேனும் புதிதாக்கிக்கொள்வதே வழக்கமாயிற்று. டிங்கரிங் பட்டறையில் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, டூக்கோ அடிப்பார்கள். கம்பெனியின் பெயராக வந்த அச்சொல் வர்ணம் தெளிக்கும் வேலைக்கே பொதுப்பெயராகிவிட்டது; அலமாரிக்கும் கட்டிலுக்கும் 'டூக்கோ' அடிக்கும் தொழிலாளரை இன்றும் காணலாம். மங்கிய வர்ணத்தை மீட்கலாம் என்ற எண்ணம் அன்று பலருக்குத் தோன்றியதில்லை. மங்கினால் அதன்மேல் மறுபடி அடி, அவ்வளவுதான்.

அந்த எண்ணத்தை மாற்றியது புதுவகைப் பூச்சு. 1970-களின் பிற்பகுதியிலிருந்து, நிறத்தைத் தரும் பூச்சின்மேல் கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு ஒன்றை இடும் முறை மேனாடுகளிலும் ஜப்பானிலும் பரவி, பின்னர் இங்கும் நிலைபெற்றது. நாம் காணும் ஒளி அந்த மேற்பூச்சுக்குரியது. அதன் கனம் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றே சுமார் 70 மைக்ரான் தடிப்புடையது. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் மருந்தும் இப்பூச்சில்தான் கலந்திருக்கிறது. அது அளவுமீறி மெலிந்துவிட்டால் சில கோடைகளில் வெளுத்து, தேமல் போலத் திட்டுத் திட்டாக உரியத் தொடங்கும். அதன்பிறகு மெருகேற்றுவது இயலாது. மீண்டும் வர்ணமடிக்கத்தான் வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்று நின்ற வண்டி ஒன்று தேர்ந்த தொழிலாளரிடம் வந்தால் அவர் உடனே பொறியை எடுப்பதில்லை. முதலில் நீரால் புழுதியை நெகிழ்த்துவார். இரண்டு வாளிகள் வைத்திருப்பார்; ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்று துணியை அலசுவதற்கு. இரயில் பாதையருகே நின்ற வண்டியில் இரும்புத் துகள்கள் பதிந்திருக்கும்; அவற்றைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் ஊதா நிறத்தில் வழிந்தோடும். எஞ்சிய சொரசொரப்பைப் பிசையக்கூடிய ஒருவகைக் களிமண்ணால் வழித்தெடுப்பார். அதன்பின் பூச்சின் கனத்தைக் கருவியால் பல இடங்களில் அளப்பார். கதவில் 110 மைக்ரானும் பக்கத்துப் பலகையில் 300 மைக்ரானும் காட்டினால், அந்தப் பலகை முன்னொரு நாள் இடிபட்டுப் பட்டி பார்க்கப்பட்டது என்று அவருக்கு விளங்கிவிடும். உரிமையாளர் சொல்லாத கதையையும் கருவி சொல்லும்.

பிறகு ஒரு சாண் அகலமுள்ள இடத்தில் சோதனை. மிக மென்மையான பஞ்சும் மிக நயமான கம்பவுண்டும் முதலில். அவை போதாவிடில்தான் கடுமையானவை. விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருக்குமாதலால் அங்கே நாடா ஒட்டிக் காப்பார். நகத்தால் வருடும்போது நகம் தட்டுகிற அளவுக்குக் கீறல் ஆழமாயிருந்தால் அதை முழுதும் போக்க முயலமாட்டார். அதன் கூரிய விளிம்பை மழுக்கி, கண்ணுக்கு எளிதில் புலப்படாமல் செய்து விட்டுவிடுவார். பறவை எச்சம் அரித்த தழும்புக்கும், ஆழ்குழாய் நீரின் சுண்ணாம்பு படிந்து ஊறிய கறைக்கும் இதே நிதானம் வேண்டும். ஒருமுறை திருத்துவதில் சில மைக்ரான்கள் போகும். ஆண்டுதோறும் அவ்வாறு செய்தால் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சிறு பிள்ளையும் கணக்கிட்டுவிடலாம். இறுதியில் பிரேசில் நாட்டுப் பனையிலையிலிருந்து எடுக்கும் கர்னூபா மெழுகோ, இக்காலத்து சிலிக்கா கலந்த பூச்சோ இடுவார். இப்புதுப் பூச்சுகளைப் பற்றி விளம்பரங்கள் கூறுவதில் பாதியை நம்பினால் போதும்; நீர் ஒட்டாது, கழுவுவது எளிது என்பன உண்மை, கீறலே விழாது என்பது கதை.

பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளில் நிலைமை வேறு. அங்கே தேய்க்கும் துணியில் வண்டியின் நிறமே ஏறும். பஞ்சு சிவந்தால் கார் சிவப்பு. அது தேய்வதைக் கண்ணாலேயே காணலாம். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை 1964-இல் தில்லியில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பு போன்றவற்றில் கண்ணைப் பறிக்கும் வண்டிகள் பலவும் முழுமையாக மறுபடி வர்ணம் பெற்றவை. அவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் தொழிற்சாலையில் முதன்முதல் அடித்த வர்ணம் இன்னும் எஞ்சியுள்ள வண்டி, மங்கியிருந்தாலும், அக்காலத்து நிறம் எது, கை வேலை எத்தகையது என்பதற்கு நேர்ச் சாட்சி. சுரண்டி எடுத்துவிட்டால் அச்சாட்சி திரும்ப வாராது.

பத்மினி வண்டிகளின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டளவிலும் அம்பாசடரின் உற்பத்தி 2014-இலும் நின்றன. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு சாலையிலிருந்து விடைபெற்றன. ஊரை விட்டு வந்து மாட்டுங்காவிலோ கரோல்பாகிலோ குடியேறிய தந்தை வாங்கிய அவ்வகை வண்டி ஒன்று உங்கள் வீட்டுக் கொட்டகையில் உறை மூடி நிற்குமானால், அதை எடுத்துச் செல்லும்போது பட்டறைக்காரரிடம் முதலில் கனம் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நன்றாக நீர்விட்டுக் கழுவி மெழுகு மட்டும் பூசித் தரச் சொல்லுங்கள், கம்பவுண்டு வேண்டாம். கதவின் உட்புற விளிம்பில் வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அவ்விடத்தை ஒருவரும் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.