காவலும் கடியும்



திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டினது. தன் எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. அவன் உருவத்தின் அருகே நாய் ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. மன்னர் பலருடைய பெயரே மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிலைத்திருக்கிறது.

கோவிவனுக்குப் புகழ் தந்தது எது? அதன் கடி. ஆம், கள்வனைக் கடித்தால் காவல். பள்ளிக்குச் செல்லும் குழந்தையைக் கடித்தால் கேடு. பல் ஒன்றே, அதனை ஆளும் மனிதனின் பொறுப்புத்தான் வேறுபடுகிறது. அந்தப் பொறுப்பு நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தளர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை எண்ணிப் பாருங்கள். இவை ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர்கள். அத்தகைய சிற்றூரில் நாய்க்கு வேலை இருந்தது. களத்தையும் கொட்டிலையும் காத்தது. வீட்டுச் சோற்றின் மிச்சத்தை உண்டது. இன்னார் வீட்டு நாய் என்று ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர். 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது; அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. வயல்கள் மனைகளாயின, மனைகள் தெருக்களாயின. மக்கள் பெருகினர், குப்பையும் பெருகியது. காக்க வேண்டிய களம் போயிற்று. உணவு மட்டும் தெருமுனையில் கிடைத்தது. இவ்வாறு, ஊருக்கு உரிய நாய் ஒருவருக்கும் உரியதல்லாத நாயாயிற்று.

இனி, கடியின் வரலாற்றைக் காண்போம். வெறிநாய்க்கடியால் வரும் நோய்க்கு அறிகுறிகள் தோன்றிய பின் மருந்தில்லை, மரணமே முடிவு. அன்றும் அதுதான் உண்மை, இன்றும் ஏறத்தாழ அதுதான் உண்மை. ஆனால் அறிகுறி தோன்றுமுன் தடுக்கலாம் என்பதை 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் காட்டினார். வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவன் அவரது தடுப்பூசியால் பிழைத்தான். இந்தியாவில் இச்சிகிச்சைக்கென முதல் நிலையம் 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தோன்றியது. தமிழ்நாட்டில் நாய் கடித்தவர் நாட்டின் வடகோடிக்குப் பயணம் செய்ய வேண்டும்! போய்ச் சேருமுன் நோய் முந்திக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்?

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அம்மரணம் தென்னாட்டின் குறையைப் பலரும் உணருமாறு செய்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ், கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கெனப் பயன்பட்டது. 1907இல் நீலகிரிமலைக் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் தமிழகத்து ஏழைக்கும் உயிர் பிழைக்க ஒரு வழி பிறந்தது.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பு மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியோர் நடுக்கத்தோடு சொன்னார்களே, அது இதுவே. அந்த ஊசிக்கு அஞ்சியே மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தவர் உண்டு. பச்சிலை கட்டியவர், மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் அப்பியவர், மந்திரித்துக்கொண்டவர் உண்டு. அவ்வச்சத்திற்கு இன்று இடமில்லை. இந்தியாவில் அப்பழைய மருந்தின் உற்பத்தி 2004இன் இறுதியில் நின்றது. இன்று போடப்படுவது உயிரணு வளர்ப்பில் செய்த மருந்து. அது கையில் போடப்படுகிறது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பின் மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாட்கள் என்று நான்கு தவணைகள். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணமும் இல்லை.

கடித்தவுடன் செய்ய வேண்டியது யாது? ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். எதையும் அப்பலாகாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோல் கிழிந்து குருதி கசிந்தால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் செலுத்த வேண்டியிருக்கும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது நன்று. ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசியைத் தள்ளிப்போடுவது அறியாமை.

கடித்தவரைக் காப்பது ஒரு பாதி. கடியையே தடுப்பது மறுபாதி. அதற்கு நகரங்கள் முதலில் கண்ட வழி கொலை. சென்னை மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறைந்தனவா? இல்லை. ஒரு தெருவில் நாயை அகற்றினால், குப்பை இருக்கும் வரையில் அடுத்த தெரு நாய் அங்கே குடிபுகும், எஞ்சியவை பெருகும். சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாறாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று வாதாடியது. 1996இல் அம்முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வந்தன.

ஆயினும் விதி எழுதினால் போதுமா? ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதேனும் தடுப்பூசி பெற்றால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு. நாயின் காலுக்கு அது தெரியாது. அம்பத்தூரில் செய்த பணியை ஆவடியில் செய்யாவிடில், ஆவடியில் செய்ததைப் பூந்தமல்லியில் தொடராவிடில், ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான்.

வளர்ப்பவர் கடமை இதனினும் பெரிது. தன் வசமுள்ள விலங்கால் பிறர்க்கு ஊறு நேராதபடி காக்கத் தவறுவது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றம். அதன் 289ஆம் பிரிவு அது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு அதையே கூறுகிறது: ஆறு திங்கள் சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். 2024 மே மாதத்தில் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்நிகழ்ச்சிக்குப் பின் உரிமம், கழுத்துவார், வாய்மூடி ஆகியவற்றை மாநகராட்சி வலியுறுத்தலாயிற்று. சட்டம் நூற்று அறுபது ஆண்டுகளாக இருந்தது. நினைவு வருவதற்கு ஒரு குழந்தை குருதி சிந்த வேண்டியிருந்தது.

நாய் வளர்க்க விரும்புவோர் மூன்றைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். மூன்றாம் மாதத்தில் முதல் தடுப்பூசியும் ஆண்டுதோறும் மறு ஊசியும் போட முடியுமா? வார் இன்றித் தெருவில் விடாதிருக்க முடியுமா? அலுத்தபின் ஏரிக்கரையில் விட்டுவராமல் அதன் ஆயுள் முழுவதும் காக்க முடியுமா? ஒன்றுக்கேனும் இல்லை என்ற விடை வந்தால் வளர்க்காதிருப்பதே அறம். நாள் முழுவதும் வெயிலில் சங்கிலியால் கட்டிப் பட்டினி போடுவது நாயைக் காவலன் ஆக்காது. வெறுப்புற்ற உயிராகவே ஆக்கும்.

நம் குழந்தைகளுக்கும் கற்பிக்க வேண்டியன உண்டு. குரைக்கிற நாய் கடிக்காது என்பது பழமொழி. அதனை நம்பி அருகே செல்லலாகாது. உண்ணும் நாயை, உறங்கும் நாயை, குட்டியோடிருக்கும் நாயை, கட்டப்பட்ட நாயைத் தீண்டலாகாது. நாய் உறுமி வந்தால் ஓடலாகாது. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. கல்லெறியலாகாது. கண்ணோடு கண் நோக்காமல், கைகளைத் தொங்கவிட்டு, மரம் போல் நிற்க வேண்டும். பின் மெல்ல விலக வேண்டும். கீழே விழ நேர்ந்தால் உடலைச் சுருட்டிக் கழுத்தையும் முகத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

கோவிவனுக்குக் கல் நாட்டிய மக்கள், அந்த நாய் யாருடையது என்று அறிந்திருந்தனர். அதற்கு ஒரு பெயர் சூட்டியிருந்தனர். அதன் செயலைத் தம் வாழ்வோடு சேர்த்து எண்ணினர். நம் தெருவின் நாய்க்கும் யாரேனும் பொறுப்பு என்னும் நிலை வரட்டும். அந்நிலை வந்தால் காவலும் இருக்கும்; கடிக்கு அஞ்சிக் குழந்தையை வீட்டுக்குள் அடைக்க வேண்டிய தேவையும் இராது.