நாலு இருபது, பத்து, ஒன்பது

என் பேத்தி பிரெஞ்சு படிக்கிறாள். ஆன்லைன் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஆறரை மணியிலிருந்து எட்டு வரை. விடுமுறைக்குப் புதுவை வந்தாலும் வகுப்பு கூடவே வந்துவிடுகிறது. கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் உட்கார, நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். பேப்பர் படிப்பது பேருக்குத்தான், காது முழுக்க அங்கேதான் இருக்கும்.

அவள் படிப்பது ஏ-ஒன் நிலை. ஆறு படிகளில் முதல் படி. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோலாம் இது. பிரான்சில் பட்டப்படிப்பு படிக்கப் போகிறவர்களிடம் பெரும்பாலும் நான்காவது படியான பி-டூ கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் படிகளுக்கு வேறு பெயர்கள்: செர்த்திஃபிக்கா, பிரெவே, பக்கலோரெயா. நான் பிரெவே வரைக்கும் ஏறி, அங்கிருந்து நேராக அரசாங்க குமாஸ்தா நாற்காலியில் இறங்கியவன்.

அன்றைக்கு வகுப்பில் எண்கள் பாடம். அறுபது வரை ஒழுங்காகப் போயிற்று. எழுபதில் பிள்ளைகள் எல்லோரும் திணறிப் போனார்கள். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது, அறுபது-பத்து என்றுதான் சொல்ல வேண்டும். என் வயதைக் கேட்டால் 'சுவாசாந்த் கத்தோர்ஸ்', அதாவது அறுபது-பதினாலு. எண்பது 'காத்ர் வேன்', நாலு இருபது. தொண்ணூற்றொன்பதோ நாலு இருபது, பத்து, ஒன்பது. "எண்ணச் சொன்னால் கணக்குப் போடச் சொல்கிறார்களே, தாத்தா" என்றாள் பேத்தி.

இருபது இருபதாக எண்ணும் பழக்கம் பிரான்சில் பழையது. 13-ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி அரசர் முன்னூறு பார்வையற்றவர்களுக்காகப் பாரிசில் ஒரு விடுதி அமைத்தார். அதன் பெயரே 'கேன்ஸ் வேன்', பதினைந்து இருபதுகள். இன்றைக்கும் அந்தப் பெயரிலேயே கண் மருத்துவமனையாக நடந்து வருகிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் செப்தாந்த், நோனாந்த் என்று தனிச் சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

நம்மிடமும் ஒரு கோணல் உண்டு. ஆறு பத்து அறுபது, ஏழு பத்து எழுபது, எட்டுப் பத்து எண்பது. ஒன்பது பத்து மட்டும் தொண்ணூறு! நூறு வருவதற்கு முன்பே அதில் நூறு வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒன்பது நூறும் அப்படியே தொள்ளாயிரமாகி, ஆயிரத்தை முன்கூட்டியே இழுத்துக்கொள்கிறது. தொல்காப்பியரே இதற்கு விதி எழுத வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் பேத்திக்குப் பிரெஞ்சுக்காரர்கள் மேல் இருந்த கோபம் பாதி தணிந்தது.

அடுத்தது நீ, நீங்கள். பிரெஞ்சில் து, வு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் தடுமாறுவார்கள். ஆனால் அந்த வகுப்பு ஆசிரியை முதல் நாளே, என்னை 'து' என்றே சொல்லுங்கள் என்றுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் படித்த பள்ளியில் வாத்தியாரை 'து' போட்டுப் பேசியவன் விரல் முட்டியில் ரூல்தடியின் தழும்போடுதான் வீட்டுக்குப் போவான். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793-இல், எல்லோரும் சமம், ஆகவே எல்லோரும் 'து' என்று ஓர் இயக்கமே நடத்திப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. மரியாதை பழைய வழியிலேயே திரும்பி வந்தது. இப்போது இணைய வகுப்புகளில் புரட்சி மறுபடி தலை தூக்குகிறது போலும்.

இன்னொரு மாற்றம் குமாஸ்தா என்ற முறையில் என் கவனத்தை இழுத்தது. 'மத்மொசேல்' போய்விட்டது. கல்யாணமாகாத பெண்ணுக்கு மத்மொசேல், ஆனவளுக்கு மதாம் என்று படித்தோம். 2012-இல் பிரான்ஸ் அரசாங்கம் சுற்றறிக்கை விட்டு, அலுவலகப் படிவங்களிலிருந்து மத்மொசேலை எடுத்துவிட்டது. ஆணுக்கு எப்போதும் ஒரே 'முசியே' இருக்கும்போது பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதானே. ஒரு சுற்றறிக்கையில் ஒரு சொல் காணாமல் போவதை நான் நம்புகிறேன். நாற்பது வருஷம் சுற்றறிக்கைகளுக்கு நடுவில் வாழ்ந்தவன்.

மொழி என்பது பெரும்பாலும் அரசாங்கம் செய்த காரியம் என்பதற்குப் பிரான்சைப் போல வேறு உதாரணம் இல்லை. 1539-இல் முதலாம் பிரான்சுவா அரசர் வில்லேர்-கொத்ரே என்ற ஊரில் பிறப்பித்த ஆணை, நீதிமன்றங்களிலிருந்து லத்தீனை வெளியேற்றிப் பிரெஞ்சை உட்கார வைத்தது. 1635-இல் ரிஷ்லியே, பிரெஞ்சு அக்கடமியை நிறுவினார். நாற்பது பேர் உட்கார்ந்து எது பிரெஞ்சு, எது பிரெஞ்சு இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் சபை அது. இத்தனைக்குப் பிறகும் 1794-இல் பாதிரியார் கிரேகுவார் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். பிரான்சில் அறுபது லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது என்றும், சுத்தமாகப் பேசுகிறவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டமாட்டார்கள் என்றும் அதில் எழுதினார். மற்றவர்கள் பேசியது பிரெத்தோன், பாஸ்க், ஒக்சித்தான், அல்சாசியன், கோர்சிக்கன். 1881, 82-இல் ஜூல் ஃபெரி கொண்டுவந்த இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்விச் சட்டங்கள்தான் கிராமத்துப் பிள்ளைகளையும் பிரெஞ்சுக்குள் கொண்டுவந்தன. பிரெத்தோன் பகுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டைச் செருப்பு போன்ற ஏதாவது ஒன்றை மாட்டிவிடுவார்களாம். அடுத்துப் பேசி மாட்டிக்கொள்பவனிடம் அது கைமாறும். சாயங்காலம் யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்குத் தண்டனை.

ஆகவே, கோல் இனத்தார்தான் நம் முன்னோர் என்று புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்களே என்று சிரிப்பவர்களிடம் நான் சொல்வது உண்டு: அந்தப் பாடம் பிரெத்தோன் நாட்டுச் செம்படவன் பிள்ளைக்கும் அதே அளவு புதிதாகத்தான் இருந்திருக்கும்.

புதுவைக்கு வருவோம். 1664-இல் கொல்பேர் முயற்சியால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து அமர்ந்தார். அப்போது பிரெஞ்சு கற்கப் பள்ளிக்கூடம் எதற்கு? துபாஷ் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நமக்கெல்லாம் தெரியும். அதே நூற்றாண்டில் மரிதாஸ் பிள்ளை என்ற புதுவைக்காரர் தமிழ் வழியாகப் பாகவதத்தைப் பிரெஞ்சில் ஆக்கினார். 1788-இல் பாரிசில் அது அச்சேறியது. பிரெஞ்சுக்காரன் தமிழ் படித்த கதையை எல்லோரும் சொல்வார்கள், இவரை யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் பிறகு வந்தது. இன்றைய லிசே 1826-இல் அரசர் பெயரிலான கல்லூரியாகத் தொடங்கியது. அடுத்த வருஷம் பொது நூலகம், இப்போதைய ரொமேன் ரொலான் நூலகம். கல்வே சுப்பராயச் செட்டியார் பெயரில் கல்வே கல்லூரி. பாரிசில் 1883-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ், ஆறே வருஷத்தில், 1889-இல் புதுவைக்கு வந்துவிட்டது. பேத்தி இன்று காசு கட்டிப் படிப்பதை அன்றைக்கு எங்களுக்கு அரசாங்கம் சும்மா கொடுத்தது.

நான் ஆனா ஆவன்னா படித்த கையோடு ஆ, பே, சே படிக்கப் போனது 1957-இல். கொடி அதற்குள் மாறிவிட்டது, பாடம் மாறவில்லை. ஊதா மை, தொட்டு எழுதும் பேனா, நெருக்கமாகக் கோடு போட்ட நோட்டு. காலையில் தமிழ் ஒரு மணி நேரம், மற்றதெல்லாம் பிரெஞ்சு. சனிக்கிழமை 'திக்தே'. வாத்தியார் நடந்துகொண்டே வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். ஒரு பிழைக்கு இவ்வளவு என்று இருபதிலிருந்து மதிப்பெண் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்பது ஒன்றே ஆறுதல். பேத்தியின் வகுப்பில் திக்தேயே இல்லை. முதல் நாளே காப்பிக் கடையில் காப்பி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நாங்கள் எட்டு வருஷம் படித்து வினைச்சொல்லின் அத்தனை காலங்களையும் ஒப்பிப்போம், ஆனால் ஒரு காப்பி வாங்கத் தெரியாது. இன்றைய முறைதான் நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று. அந்தத் திக்தே இல்லாவிட்டால் பிற்பாடு அலுவலகத்தில் கையெழுத்துப் பதிவேடுகளை என்னால் படித்திருக்க முடியாது.

கொடி மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலெல்லாம் முடிந்து 1962 ஆகஸ்டு 16-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காதவரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. 1965-இல் நம் சட்டமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றித் தமிழை அமர்த்தியது. மாகேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு, கூடவே ஆங்கிலமும் தொடரலாம். நடைமுறையில் பிரெஞ்சு இருந்த நாற்காலியில் உட்கார்ந்தது ஆங்கிலம்தான். பிரெவே படித்த நாங்கள் இருபது வயதில் ஆங்கிலத் தட்டச்சு வகுப்புக்கு ஓடினோம்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவுதான் வீடுகளுக்குள் புகுந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் எல்லோரும் தானாகவே இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் புதுவைப் பேச்சில் 'ஒப்ஸியோன்' என்பார்கள். கல்யாணமாகாத பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவே முடிவு.

எனக்கு அப்போது பதினோரு வயது. என் சித்தப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இந்தோசீனாவுக்கெல்லாம் போய்வந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்து அந்த மார்கழி, தை முழுக்க இருவரும் பேசினார்கள். சண்டை இல்லை, ஆனால் சத்தமும் குறைவில்லை. "நிலத்தை யாருடா பாத்துக்குவா?" என்று அப்பா கேட்டார். "பிள்ளைங்க படிப்பை யாருண்ணா பாத்துக்குவா?" என்று சித்தப்பா கேட்டார். இரண்டும் சரியான கேள்வி. 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக் குடிகளானார்கள். சித்தப்பா பிள்ளைகள் பிரான்ஸ் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று தமிழ் தெரியாது, என் பேத்திக்கு நேற்றுவரை பிரெஞ்சு தெரியாது. தொலைபேசியில் இரண்டு பக்கமும் அரைகுறை ஆங்கிலத்தில் ஹலோ சொல்லிவிட்டுப் பெரியவர்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

மேற்படிப்பு என்று அவள் சொல்கிறாள். இந்த ஹலோவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், கேட்டதில்லை.

பிரெஞ்சு என் சம்பளத்துக்குப் பயன்பட்டது பதிவேடுகளால்தான். எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு. பழைய ஏடுகள் எல்லாம் பிரெஞ்சு. பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்குத் தாத்தாவின் பிறப்புப் பத்திரம் வேண்டும், பென்ஷனுக்கோ, குடியுரிமைக்கோ. அவர்கள் பெயர்களை ஆங்கிலம் மட்டும் படித்த குமாஸ்தாக்கள் வாசித்தால் வேடிக்கையாக இருக்கும். 'உ' ஓசைக்குப் பிரெஞ்சில் ஓவும் யூவும் சேர வேண்டும். ராமசாமியில் எஸ் எழுத்தை இரண்டு தரம் போடுவார்கள், ஒன்று மட்டும் போட்டால் உயிரெழுத்துகளுக்கு நடுவில் அது 'ராமஸாமி' என்று இஸட் ஓசைக்கு மாறிவிடும். பிள்ளை 'புல்லே' ஆவார். இந்த எழுத்துக் கணக்குத் தெரியாமல் அட்டவணையில் தேடினால் ஆள் கிடைக்கவே மாட்டார்.

பேத்தியின் மூன்றாம் வாரப் பாடத்தில் வீட்டுச் சாமான்கள் வந்தன. ஜன்னல், நாற்காலி, 'லா போர்த்', கதவு. அந்தச் சொல்லைக் கேட்டால் புதுவைக்காரனுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் மாதிரி காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார். தடுத்தார்கள். இந்தியன் செருப்பை வெளியே விட வேண்டும் என்பது வழக்கம். அவர் வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றார். பிறகு 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்தது. தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டங்களை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்பும் இந்தியர்கள் அப்படியே எழுதிக்கொடுக்கலாம், குடும்பப் பெயர் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது அந்த ஆணை. பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த். தான் திறந்த கதவையே பெயராக வைத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவரைப் பின்பற்றிப் பலரும் பெயர் மாற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, அப்படி ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். பிரான்சில் பிறந்தவர், தமிழ் பேச வராது. கொள்ளுத்தாத்தாவின் பழைய பெயர் என்ன என்று மட்டும் தெரிய வேண்டும் என்றார். இரண்டு நாள் தேடி எடுத்தேன். ஏட்டில் விட்ட பெயரும் எடுத்த பெயரும் ஒரே வரியில் இருந்தன. விட்ட பெயரைப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலிலிருந்து பிரித்து வாய்விட்டுப் படித்தேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நாக்கு சரியாகத் திரும்பவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, தமிழில் எழுதித் தாருங்கள் என்றார். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மடிக்காமல், கோப்புக்குள் தட்டையாக வைத்து எடுத்துக்கொண்டு போனார்.