ஆப் ஸ்டோரும் அறுபட்ட வாடிக்கையும்: மேக் மென்பொருள் விற்பனையை முன்வைத்து

செயலிக் கடைகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் 30 சதவீதம் என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே நடக்கிறது. 2020 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ் ஆப்பிள்மீது வழக்குத் தொடுத்தபின் அந்த எண் மென்பொருள் உலகத்தைத் தாண்டியும் பரவிவிட்டது. ஆனால், மென்பொருள் உருவாக்குவோரின் மனக்குறைக்குக் கமிஷன் முதற்காரணம் அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். தன் பொருளை வாங்கியவர் யார் என்றே தெரியாத நிலைக்கு விற்பவர் தள்ளப்பட்டதுதான் முதற்காரணம். ஐஃபோனை வைத்து இதைச் சோதிக்க முடியாது. அங்கே நெடுங்காலம் வேறு வாசலே இல்லை; வெளியேற முடியாதவர் எதனால் வெளியேறுவார் என்று கேட்பதில் பொருளில்லை. மேக் கணினியில் அந்தக் கேள்விக்கு இடமுண்டு.

மேக் ஆப் ஸ்டோர் 2011 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டது. கமிஷன் ஐஃபோன் கடையில் இருந்த அதே 30 சதவீதம். ஆனால் சொந்த இணையதளத்தில் விற்கும் பழைய வழி அடைபடவில்லை. கமிஷன்தான் சிக்கல் என்றால் அன்றே பலர் ஒதுங்கியிருக்க வேண்டும். மாறாக, பெயர் பெற்ற நிறுவனங்கள் உள்ளே சென்றன. சில ஆண்டுகள் விற்றுப் பார்த்துவிட்டே வெளியே வந்தன.

பேனிக் நிறுவனத்தின் நிரல் எழுதும் கருவியான கோடா 2.5, 2014இல் கடைக்கு வெளியே வந்தது. அதே ஆண்டில் பேர் போன்ஸ் நிறுவனத்தின் உரைத்திருத்தி பிபிஎடிட் விலகியது. 2015 டிசம்பரில் வடிவமைப்புச் செயலியான ஸ்கெட்ச் விலகியது. சொல்லப்பட்ட காரணங்களில் முன்நின்றது சாண்ட்பாக்ஸ். 2012 ஜூன் முதல், கடைக்கு வரும் ஒவ்வொரு புதிய செயலியும் தனக்கென வகுத்த எல்லைக்குள் மட்டுமே இயங்க வேண்டும் என்பது கட்டாயமானது. விளையாட்டுக்கும் குறிப்பேட்டுக்கும் அது நியாயமான விதி. பயனரைக் காக்கும் விதியும்கூட. நிரல் எழுதுவோர் கையாளும் கருவிக்கோ கணினியின் எந்த மூலையில் உள்ள கோப்பும் தேவைப்படும். கோடா வெளியேறியபோது, அன்று கடைச் செயலிகளுக்கு மட்டுமே கிடைத்த ஐகிளவுட் ஒத்திசைவை இழந்தது. பேனிக் தனக்கென்று ஓர் ஒத்திசைவுச் சேவையையே கட்டிக்கொண்டது. அந்தச் செலவையும் ஏற்றுக்கொண்டு ஒரு நிறுவனம் வெளியேறியது என்பதை ஆய்வாளர் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

ஸ்கெட்ச் அடுக்கிய காரணங்களில் சாண்ட்பாக்ஸும் இருந்தது. புதுப்பிப்பு ஒவ்வொன்றும் ஒப்புதலுக்காக ஒரு வாரம் காத்துக் கிடந்ததும் இருந்தது. என் பார்வையில் மிகக் கனமானது மூன்றாவது: பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை விலையில் புதிய பதிப்பை விற்க வழியில்லை என்பது. இணையதளத்தில் விற்பவரிடம் வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். மூன்றாம் பதிப்பு வரும்போது இரண்டாம் பதிப்பை வைத்திருப்பவருக்குப் பாதி விலை என்று எழுதலாம். சிறு நிறுவனங்கள் பல, அடுத்த பதிப்புக்கான உழைப்பை அந்தப் பணத்தை நம்பித்தான் தொடங்கின. அன்று கடைக்குள் இரண்டே வழி. புதிய பதிப்பை எல்லோருக்கும் இலவசமாகத் தரலாம். அப்போது வருமானம் முழுவதும் புதியவர் வரவை மட்டுமே நம்பி நிற்கும். அல்லது அதைப் புதுச் செயலியாகப் பதிந்து, பத்தாண்டு வாடிக்கையாளரிடமும் முழு விலை கேட்கலாம். அவருக்கு விளக்கம் சொல்ல முகவரியும் கிடையாது. பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரமும் கடையிடமே. யாரேனும் ஒற்றை நட்சத்திரத்துடன் தவறாக ஒன்றை எழுதிவிட்டுப் போனால், 2017 மார்ச் வரை அதன் கீழே பதில் எழுதவும் இடமில்லை.

இதற்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதம், கடையே வேலை செய்கிறது என்பது. பல நாட்டு வரிகள், அட்டைக் கட்டணம், பதிவிறக்கம் ஆகியவற்றை ஒருவரே நடத்தும் நிறுவனத்தால் சுமக்க முடியாது. கடை அவற்றைச் சுமக்கிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த உண்மை என் வாதத்துக்கே துணை நிற்கிறது: செய்த வேலைக்குக் கூலி கேட்பதைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். 2018இல் ஆப்பிள் சாண்ட்பாக்ஸ் விதிகளைத் தளர்த்தியதும் பேனிக்கின் மற்றொரு செயலியான டிரான்ஸ்மிட் கடைக்குத் திரும்பியது; 2019இல் பிபிஎடிட்டும் திரும்பியது. சிறு நிறுவனங்களுக்கான 15 சதவீதக் கமிஷன் 2021இல்தான் வந்தது. சந்தாவில் இரண்டாம் ஆண்டு முதல் 15 சதவீதம் என்ற சலுகை முன்பே இருந்ததையும் பிபிஎடிட் சந்தா முறையில்தான் திரும்பியதையும் மறைக்கக் கூடாது. எனினும் அந்தச் சந்தாவே, இல்லாமற்போன சலுகை விலைக்கு ஈடாக வந்தது என்றே கருதுகிறேன். அடோபி 2013இலேயே கடைக்கு வெளியே சந்தாவுக்கு மாறியிருந்தது என்பதால், சந்தாப் பெருக்கம் முழுவதையும் கடையின் கணக்கில் எழுத முடியாது.

சென்னை சார்ந்த வழக்கு ஒன்றையும் இங்கே பார்க்க வேண்டும். மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் கூகுள் பிளே ஸ்டோரின் கட்டண விதிகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. இது இந்தியப் போட்டி ஆணையத்தின் வரம்புக்குள் வருவது என்று 2023 ஆகஸ்டில் அவற்றின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, மத்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் திரும்பின. இங்கும் பேச்செல்லாம் சதவீதத்தைப் பற்றியே. மாற்றுக் கட்டண வழியைத் தேர்ந்தால் கூகுள் அப்போது குறைத்துக்கொண்டது 4 சதவீதப் புள்ளிகள் மட்டும்.

ஆனால் பிளே ஸ்டோர் தொடர்பாகக் கூகுள்மீது போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பிறப்பித்த ஆணையில் வேறொரு பகுதி உண்டு. ஒரு செயலி வழியே உருவாகும் தரவு, தக்க பாதுகாப்புடன் அதன் உருவாக்குநருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. நாளிதழ்கள் 936.44 கோடி ரூபாய் அபராதத்தையே பெரிதாக எழுதின. மேல்முறையீட்டில் 2025 மார்ச்சில் அது 216.69 கோடியானது. மேக் அனுபவத்திலிருந்து பார்த்தால், சிறு நிறுவனங்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியது அந்தத் தரவுப் பகுதி சுட்டும் உரிமையைத்தான். வாங்கியவர் சம்மதித்தால் அவரது முகவரி விற்றவருக்குக் கிடைக்க வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு வேறு விலை சொல்லவும் வழி வேண்டும்.