டை பின்னும் கோட்டுத் தடையும்

டை தானாக நிற்கும் துணியன்று. கழுத்தில் முடிச்சிட்ட பின்னும் அதன் இரு முனைகளும் மார்பில் தொங்கி அலைந்துகொண்டே இருக்கும். காற்றடித்தால் தோளில் ஏறும். மேசைமேல் குனிந்தால் மைக்கூட்டில் விழும். அதை இருந்த இடத்தில் இருத்திவைக்க ஐரோப்பிய ஆடைமரபு மூன்று வழிகளைக் கண்டது: ஊசி, வெயிஸ்ட்கோட், கவ்வி. ஊசி கவ்விக்கு மூத்தது. 19ஆம் நூற்றாண்டின் சீமான்கள் முத்தோ கல்லோ பதித்த ஊசியைக் கழுத்துத் துணியில் குத்திக்கொண்டனர். பிடிமானம் அதற்கு ஒரு சாக்கு. அணிகலனாக இருப்பதே அதன் முதல் வேலை.

1920களில் நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியைக் குறுக்குச்சாய்வாக வெட்டி, மூன்று துண்டுகளாகத் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் டையின் வடிவம் அதிலிருந்து வந்தது. மெல்லிய பட்டில் ஊசி குத்தினால் ஓட்டை விழும். ஆகவே குத்தாமல் கவ்விப் பிடிக்கும் உலோகத் துண்டு பரவியது. பேச்சுவழக்கில் இதற்கும் டை பின் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வெயிஸ்ட்கோட் வழக்கொழியத் தொடங்கியதும் இதற்கு இன்னொரு காரணம். டையை மார்போடு அழுத்திப் பிடித்த வேலையை அதுவரை செய்துவந்தது வெயிஸ்ட்கோட்தான். பம்பாய்ப் புழுக்கத்தில் மூன்றடுக்கு உடையைத் தாங்க முடியாதவருக்கு இரண்டு அங்குல உலோகம் ஒரு முழு ஆடையின் வேலையைச் செய்து கொடுத்தது.

ஆடை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கவ்வி எதைக் கவ்வுகிறது என்று பார்த்தால் வேறொரு வரலாறு தொடங்கும். அது டையைச் சட்டையின் பொத்தான் பட்டியோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஆக, அதை அணிபவருக்குச் சட்டை வேண்டும். சட்டைக்கு மேல் கோட்டு வேண்டும். உடம்பில் பொன்னோ வெள்ளியோ மின்னலாம் என்ற உரிமையும் வேண்டும். இம்மூன்றும் ஒருவருக்கு மறுக்கப்பட்ட இடம் தமிழகத்திலேயே இருந்தது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் வரிசைப்படுத்தியுள்ளார். பொன், வெள்ளி அணிகலன் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. தடைகள் மீறப்பட்டபோது குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, கால்நடைகள் பறிபோயின. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பட்டியல் போட்டவர்கள் டை பின்னை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தச் சிறு பொருளை ஓர் ஆதிதிராவிடர் அணிந்திருந்தால், ஒரே நேரத்தில் மூன்று தடைகளை மீறியவராகியிருப்பார்.

அதே டிசம்பரில் லண்டனில் முதலாம் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பேராளர்களாக அங்கு அமர்ந்திருந்தவர்கள் இருவர்: பம்பாயிலிருந்து சென்ற அம்பேத்கர், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற இரட்டைமலை சீனிவாசன். அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்திருந்தார். அதை மேல்நாட்டு மோகம் என்று சொல்லிக் கடந்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இராமநாதபுரத்துப் பட்டியலை அருகே வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் நிற்காது. ஊரில் ஒரு பனியனுக்கும் தடை விதிக்கப்பட்ட மாதத்தில், அதே மக்களின் பேராளர் பேரரசின் அவையில் முழு உடையோடு அமர்ந்திருந்தார் என்பதே செய்தி.

இங்கே காந்தியைத் தவிர்க்க முடியாது. இலண்டனில் படித்த காலத்தில் கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்வதில் நாள்தோறும் பத்து நிமிடம் வீணாக்கியதை அவரே ‘சத்திய சோதனை’யில் எழுதுகிறார். 1921 ஜூலை 31 அன்று பம்பாய்ப் பரேலில் அயல்நாட்டுத் துணிக்குத் தீ மூட்டினார். அதே செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறினார். அதன் அறவலிமையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் துறத்தல் என்பது முன்பே உடையவருக்குரிய செயல். இடுப்புக்கு மேல் துணி கூடாது என்று கட்டளையிடப்பட்டவருக்கு அரையாடை துறவாகாது; அது தண்டனையின் தொடர்ச்சி. 1927இல் மகாடில் பெண்களிடம் பேசியபோது, தாழ்நிலையைக் காட்டிக்கொடுக்கும் உடுத்தும் முறையைக் கைவிடுமாறு அம்பேத்கர் சொன்னதும் இதே தருக்கத்தில்தான்.

பம்பாய்த் தமிழரிடையேயும் இந்த வேறுபாடு இருந்தது. மாட்டுங்காவில் குடியேறிய எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டை வேட்டிக்கு மேல் அணிந்தே அலுவலகம் செல்லலாம்; டை இல்லாததால் அவர்கள் மதிப்புக் குறையாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களுக்கு அப்படியொரு மாற்று கிடையாது. நகரம் அவர்களுக்கு முதலில் கொடுத்தது சட்டையை. ஊரார் கண்ணுக்கு எட்டாத சட்டையை. அம்பேத்கர் 1930களில் கட்டிய ராஜகிருகம் மாட்டுங்காவுக்கு மிக அருகே, தாதர் இந்து காலனியில் நிற்கிறது.

அவரது டைக்குப் பின்னும் கவ்வியும் தேவையற்றுப் போனது அவர் சிலையான பிறகுதான். நீலக் கோட்டு, சிவப்பு டை, பையில் பேனா, கையில் நூல்: நாடெங்கும் இந்த வடிவமே நிலைபெற்றது. வார்ப்பில் டை அசைவதில்லை. காட்கோபர் கிழக்கில், விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி, அம்பேத்கரின் முதல் மனைவி ரமாபாயின் பெயரால் அமைந்த குடியிருப்பிலும் ஒரு சிலை இருந்தது. 1997 ஜூலை 11 காலையில் அதன் கழுத்தில் செருப்பு மாலை கிடந்தது. இழிவுபடுத்த எண்ணியவர் கையாண்ட பொருள், 1930இன் தடைப்பட்டியலில் இருந்த அதே செருப்பு. அது விழுந்த இடமோ டை இருந்த கழுத்து. மக்கள் சாலையில் திரண்டனர். மாநில ரிசர்வ் காவல் படை சுட்டதில் பத்துப் பேர் இறந்தனர். நான்கு நாள் கழித்து, அந்தச் சாவுகளைத் தாங்க முடியாமல் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். துப்பாக்கிச் சூட்டுக்கு ஆணையிட்ட அதிகாரிக்கு 2009இல் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ ஆவணப்படம் இங்கிருந்தே தொடங்குகிறது.

இன்று மும்பையில் டை கட்டுவோர் விற்பனைப் பிரதிநிதிகளும் பயணச்சீட்டுப் பரிசோதகர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். பள்ளி டையில் முடிச்சு முன்பே தைத்திருக்கும். எலாஸ்டிக் நாடாவைக் கழுத்தில் மாட்டினால் போதும். மேட்டுக்குடியினர் டையை எப்போதோ கழற்றிவிட்டார்கள். தமிழ்நாட்டிலோ, அதே நீலக் கோட்டும் சிவப்பு டையும் அணிந்த அம்பேத்கர் சிலைகள் பல ஊர்களில் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. மாலையிட வருபவர் முதலில் கூண்டின் பூட்டைத் திறக்க வேண்டும்.