மலக்குழி மரணங்கள்: எவருடைய நடத்தை மாற வேண்டும்?

மக்களின் பழக்கங்களை உடல்நலத்திற்கும் சமூக நலனுக்கும் உகந்தவையாக மாற்றத் திட்டமிட்டுச் செய்யப்படும் பரப்புரையே நடத்தை மாற்றத் தகவல்தொடர்பு எனப்படுகிறது. எவருடைய எந்தச் செயல் மாற வேண்டும், அதைத் தடுப்பது எது, மாற்று வழி கைக்கெட்டும் நிலையில் உள்ளதா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அது தொடங்கப்பட வேண்டும்.

2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் இத்துறையின் மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று. திறந்தவெளியில் மலம் கழிப்போரே அதன் முதன்மை இலக்கு. கழிப்பறை கட்டுமாறு வலியுறுத்தப்பட்ட அளவுக்கு, குழி நிறைந்த பின் அதை அள்ளுவது யார் என்பது பேசப்படவில்லை. இரட்டைக் குழி முறையில், நிறைந்த குழியை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழியில் உள்ளது ஓராண்டுக்கு மேல் மட்கினால் எருவாகிவிடும், வீட்டாரே அள்ளலாம். ஆயினும் அது 'இன்னார் வேலை' என்ற எண்ணம் நீங்கவில்லை. இந்தத் தடையைச் சாதி என்று பெயர் சொல்லி எதிர்கொள்ளாத பரப்புரை பாதியிலேயே நின்றுவிடும்.

சட்டம் கைநீட்டுவது வேலை வாங்குபவரை நோக்கி. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மலக்குழியையோ கழிவுநீர்க் குழாயையோ ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

ஆனால் சுவரொட்டிகள் பெரும்பாலும் தொழிலாளியிடமே 'கவனம்' என்கின்றன. பசிக்காக இறங்குபவருக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. மலக்குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது நுகரும் திறனையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லாததைப் பாதுகாப்பு என்று கொள்ள முடியாது. இதை முதலில் அறிய வேண்டியவர்கள் ஆளை அழைக்கும் வீட்டு உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் அதிகாரியுமே. அவர்களுக்கான செய்தி சுருக்கமானது: ஆளை இறக்குவது குற்றம், லாரியை அழையுங்கள். தமிழ்நாட்டில் அதற்கான உதவி எண் 14420.

மாணவர்கள் இதைத் தங்கள் வளாகத்திலேயே தொடங்கலாம் என்று கருதுகிறோம். விடுதியின் மலக்குழியைக் கடைசியாகத் துப்புரவு செய்தது லாரியா, மனிதரா என்று நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.