மேட்டூர் நீர்த்தேக்கத்து ஆலாக்கள்: தோலிலிருந்து ஒளிப்படம் வரை

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அப்பணி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வுக் குழு சேர்வராயன், சித்தேரி மலைகளில் பறவைகளைச் சேகரித்தது. அன்று ஒரு பறவையை அடையாளம் காண அதைச் சுட்டு, தோலுரித்துப் பதப்படுத்தி, காலில் சீட்டுக் கட்டி அனுப்புவார்கள். அத்தோல்களை ஒப்பிட்டு ஹியூ விஸ்லர் எழுதிய அறிக்கை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1930களில் தொடராக வெளிவந்தது.

2006இல் ரமணா ஆத்ரேயா அருணாசலப் பிரதேசத்தின் புகுன் லியோசிக்லாவைக் கொல்லாமலேயே, ஒளிப்படங்களையும் உதிர்ந்த சில இறகுகளையும் கொண்டு புதிய இனமாக விவரித்தார். இம்மாற்றம் நல்லதே. ஆனால் ஐயம் எழுந்தால் எடுத்து அளக்கப் படத்தில் உடல் இல்லை.

மேட்டூர்க் கரையில் நடப்பவருக்கு ஆலாக்கள் இந்தச் சிக்கலைக் காட்டிவிடும். கோடைத் தொடக்கத்தில் வயிறு கறுத்த ஆலா ஒன்று படத்தில் விழுந்தால், மிகவும் அருகிவிட்ட கருப்பு வயிற்று ஆலா என்று பதியத் தோன்றும். வடக்கே திரும்புமுன் மீசை ஆலாவுக்கும் வயிறு கருமையாகும். முன்னதற்கு ஆரஞ்சு அலகு, ஆழமாகப் பிளந்த நீண்ட வால். பின்னதற்குச் சிவந்த அலகு, குட்டை வால். தவறாகப் பதிந்தால், அழிந்துவரும் பறவை காவிரியில் நலமாக உள்ளதாகக் கணக்கு காட்டும்.

குளிர்காலத்தில் கருப்பு வயிற்று ஆலாவின் வயிறே வெளுத்துவிடும். அப்போது உருவில் பெரிய ஆற்று ஆலாவோடு குழப்பம் வரும். அதன் அலகு மஞ்சள். மாலை வெயிலில் மஞ்சளும் ஆரஞ்சாகத் தெரியும் என்பதால், அதே பறவையை வேறு வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படமும் வேண்டும்.