பூட்டி வைத்த கலை: முரானோத் தீவின் கண்ணாடித் தொழில்

தமிழிலே 'கண்ணாடி' என்னும் ஒரே சொல்லால் நாம் பல பொருள்களைக் குறிக்கிறோம். முகம் பார்ப்பதும் கண்ணாடி. சாளரத்திற் பதிப்பதும் கண்ணாடி. முதியோர் மூக்கின்மேல் அணிவதும் கண்ணாடி. ஆயினும் 'ஆடி' என்னும் பழஞ்சொல் முகம் பார்க்கும் பொருளுக்கே உரியது. அக்காலத்து ஆடி, தேய்த்து மெருகேற்றிய உலோகத் தகடு. அந்த உலோகத் தகட்டின் இடத்தை, மணலை உருக்கிச் செய்த ஒளிபுகு பொருள் எவ்வாறு பிடித்துக்கொண்டது? அந்தக் கதையின் பெரும்பகுதி இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்துக்கு அருகே, ஒரு களப்பின் நடுவே கிடக்கும் முரானோ என்னும் சிறு தீவில் நிகழ்ந்தது. கலையைக் காப்பதற்காக அதனைச் செய்த மனிதரையே பூட்டி வைத்த கதை அது.

வெனிஸ் நகரம் நீரின்மேல் எழுந்த நகரம். அதன் வீடுகளிற் பெரும்பாலானவை ஒருகாலத்தில் மரத்தாலானவை. அந்நகரத்திற் கண்ணாடி உலைகள் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு பொறி பறந்தாற் போதும், தெருவே சாம்பலாகிவிடும். ஆகவே 1291ஆம் ஆண்டில், கண்ணாடி உலைகளை நகரத்தினின்றும் அகற்ற வேண்டும் என வெனிஸ் குடியரசு ஆணையிட்டது. தொழில் முழுவதும் முரானோவிற் குடியேறிற்று. தீக்கு அஞ்சிச் செய்த அவ்வேற்பாடு, காலப்போக்கில் வேறொரு பயனையும் அரசுக்கு அளித்தது. நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவில் வாழும் தொழிலாளரைக் கண்காணித்தல் எளிது. அவர்கள் அறிந்த முறைகளை அயலார் அறியாமற் காத்தலும் எளிது.

அந்த முறைகள்தாம் யாவை? கண்ணாடியின் மூலப்பொருள் எளியதே. மணலிலும் வெண்கூழாங்கல்லிலும் உள்ள சிலிக்காவே அதன் உடல். தனியே உருக்குவதாயின் அதற்கு 1,700 பாகை செல்சியசு அளவு வெப்பம் வேண்டும். பழைய உலைகளுக்கு அஃது எட்டாத வெப்பம். சோடாச் சாம்பலைச் சேர்த்தால் அது குறைந்த வெப்பத்தில் உருகும். ஆனால் சாம்பல் மாத்திரம் சேர்ந்த கண்ணாடி நீரிற் கரையுந் தன்மை உடையது. சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தாலே அது நிலைபெறும். முரானோக் கைவினைஞர் திச்சீனோ ஆற்றின் வெண்கூழாங்கற்களைப் பொடித்துப் பயன்படுத்தினர். உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பல் சிரியா முதலிய கீழைக் கரைகளிலிருந்து கப்பலேறி வந்தது.

உருகிய கண்ணாடி தேன்போல் இழுபடும். தொழிலாளி நீண்ட இரும்புக் குழலின் நுனியை உலையில் இட்டுச் சுழற்றி, வேண்டிய அளவு குழம்பைச் சுற்றி எடுக்கிறான். வழவழப்பான உலோகப் பலகையின்மீது உருட்டி அதனை ஒழுங்காக்குகிறான். பின்னர் குழலின் மறுமுனையில் வாய்வைத்து ஊதுகிறான். குழம்பினுள்ளே காற்றுப் புகுந்து குமிழியாகிறது. அக்குமிழியே கிண்ணமும் குடுவையும் விளக்குக் கூடும் ஆகவேண்டிய கரு. ஆசான் இருக்கையில் அமர்ந்து, குழலை இடைவிடாது உருட்டிக்கொண்டே, இடுக்கியால் கழுத்தை ஒடுக்குகிறார், விளிம்பை விரிக்கிறார். உருட்டுதல் ஒரு கணம் நின்றால் கண்ணாடி தன் பாரத்தால் ஒருபுறம் தொங்கிவிடும். கைக்குக் கை உதவியாளர் நிற்பர். கிண்ணத்தின் அடியை வேறொரு கம்பியில் ஒட்டி ஏந்துபவர் ஒருவர். கைப்பிடிக்கு வேண்டிய சிறு குழம்பைக் கொணர்பவர் மற்றொருவர். சூடு தணியுமுன் எல்லாம் முடிய வேண்டும். முடிந்த பொருளைத் தனிச் சூளையிலிட்டு மெல்ல மெல்ல ஆற விடுவர். விரைவில் ஆறிய கண்ணாடி உள்ளே இறுக்கங்கொண்டு, பின்னொரு நாள் தொட்டதும் வெடிக்கும்.

இந்த வேலையை ஏட்டிற் படித்துக் கற்க இயலாது. குழம்பின் நிறத்தைக் கண்டு சூட்டை அறிதலும், எவ்வளவு மூச்சு எப்பொழுது வேண்டும் என அறிதலும் சிறு வயதிலிருந்தே உலையருகில் நின்று பெறும் அறிவு. தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும் அது சென்றது.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அஞ்செலோ பரோவியேர் என்னும் முரானோ ஆசான், படிகம்போல் நிறமற்ற கண்ணாடியை உருவாக்கியதாகப் போற்றப்படுகிறார். மணலில் இருக்கும் சிறிதளவு இரும்பே கண்ணாடிக்குப் பசுமை தருவது. செடிச் சாம்பலை நீரிற் கரைத்து வடித்துக் காய்ச்சித் தூய்மையாக்கியும், மங்கனீசைச் சிறிதளவு கலந்தும் அப்பசுமையை அகற்றினர். பாலைப் போன்ற வெண்கண்ணாடியும், வெள்ளை இழைகளை உள்ளே முறுக்கிப் பின்னிய கண்ணாடியும், பல நிறக் கோல்களைச் சேர்த்து உருக்கி இழுத்துக் குறுக்கே வெட்டிய மணிகளும் பின்பு பிரசித்தி பெற்றன. பரோவியேர் குடும்பத்துப் பெண்ணாகிய மரியா என்பவர் 1487ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சிறு உலை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். ஆடவரே ஆண்ட தொழிலில் ஒரு பெண் பெற்ற அவ்வனுமதி நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய கைவினைஞருக்கு வெனிஸ் அரசு மரியாதையையும் விலங்கையும் ஒருங்கே அளித்தது. பிரபு குலத்தவன் ஒருவன் கண்ணாடி ஆசானின் மகளை மணந்தால், அவர்தம் பிள்ளைகள் குலப் பெருமையை இழப்பதில்லை. 1605ஆம் ஆண்டு முதல் தீவின் குடும்பப் பெயர்கள் 'பொற்புத்தகம்' என்னும் பதிவேட்டிற் பொறிக்கப்பட்டன. மறுபுறத்தில், அரசின் அனுமதியின்றி அவர்கள் வெளிநாடு சென்று தொழில் நடத்தலாகாது. மீறிச் சென்றவர் கடுந்தண்டனைக்கு ஆளாவர்; வீட்டில் விட்டுச் சென்ற உறவினரும் துன்புறுத்தப்படலாம். பொற்கூட்டில் அடைத்த கிளிக்கும் கூடு கூடுதானே.

அரசு மிகுந்த கவனத்தோடு காத்த பொருள் முகம் பார்க்கும் கண்ணாடி. 1507ஆம் ஆண்டில் முரானோச் சகோதரர் இருவர் அதனைச் செய்யும் தனியுரிமை பெற்றனர். குமிழியை நீண்ட உருளையாக ஊதி, இரு முனைகளையும் வெட்டி, நெடுகப் பிளந்து, சூட்டில் விரித்துத் தட்டையாக்குவர். பின்னர் மணலும் நீரும் இட்டு நாட்கணக்கில் தேய்த்து மெருகிடுவர். இறுதியில் வெள்ளீயத் தகட்டின்மேற் பாதரசத்தை ஊற்றி, அதன்மீது கண்ணாடியைப் படியவைத்துப் பாரம் ஏற்றுவர். ஈயமும் இரசமும் கலந்து கண்ணாடியின் முதுகிற் பற்றிக்கொள்ளும். 'கண்ணாடியின் இரசம் போய்விட்டது' என்று நம் வீடுகளிலே சொல்கிறோமல்லவா? அப்பாதரசத்தின் பெயரையே நாம் இன்றும் உச்சரிக்கிறோம். இக்காலத்தில் அங்கே பூசப்படுவது வெள்ளியோ அலுமினியமோ ஆகும்.

அழகிய முகங்களைக் காட்டிய அந்த இரசம், அதனைப் பூசியவரின் உடலைக் கெடுத்தது. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட இத்தாலிய வைத்தியர் பெர்னார்தீனோ ரமாத்சீனி, பாதரசத்தைக் கையாண்ட கண்ணாடித் தொழிலாளர் முடக்குவாதத்தாலும் மூச்சிரைப்பாலும் வருந்தியதைக் குறிப்பிட்டுள்ளார். 1835ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், கண்ணாடியின்மீது வெள்ளியைப் படியச் செய்யும் முறையைக் கண்டறிந்தார். அதன் பின்னரே இந்நஞ்சிலிருந்து தொழிலாளர் படிப்படியாக விடுபட வழி பிறந்தது.

இனி, பூட்டு உடைந்த வரலாற்றுக்கு வருவோம். பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் கோல்பேர், வெனிஸ் கண்ணாடிகளுக்காகத் தம் நாட்டுப் பணம் வெளியேறுவதைக் கண்டு மனம் பொறாதவர். 1665ஆம் ஆண்டில் பாரிசில் அரச கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. வெனிசில் இருந்த பிரெஞ்சுத் தூதர் பொன்சி, முரானோத் தொழிலாளர் சிலரை இரகசியமாக அழைத்து அனுப்பினார். நல்ல ஊதியமும் சலுகைகளும் அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டன. வெனிஸ் அரசு சும்மா இருக்கவில்லை. திரும்பி வருமாறு ஆசை காட்டியது, அச்சுறுத்தியது. 1667ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தொழிலாளருள் இருவர் பாரிசில் அடுத்தடுத்து மாண்டனர். நஞ்சு ஊட்டப்பட்டதோ என்னும் ஐயம் எழுந்தது, அது நிரூபிக்கப்படவில்லை. எஞ்சியோரிற் பலர் ஊர் திரும்பினர். ஆனால் அதற்குள் பிரெஞ்சுத் தொழிலாளர் பார்த்தும் பழகியும் வேலையைக் கற்றிருந்தனர்.

அதன் விளைவை வேர்சேய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்திற் காணலாம். 1684ஆம் ஆண்டில் நிறைவெய்திய அம்மண்டபத்தில், 17 சாளரங்களுக்கு எதிரே 17 கண்ணாடி வளைவுகள் நிற்கின்றன. அவற்றில் 357 கண்ணாடிகள் உள. ஒரு வளைவுக்கு 21 துண்டுகள். ஏன் ஒரே பெருங்கண்ணாடியைப் பதிக்கவில்லை? ஊதிச் செய்யும் கண்ணாடியின் அளவு, ஊதுபவனின் மூச்சுக்கும் அவன் தாங்கும் பாரத்துக்கும் கட்டுப்பட்டது. உலகத்திற் பெரிய மன்னராயினும் தொழிலாளியின் மூச்சைக் கடந்து கண்ணாடி பெற அன்று இயலவில்லை.

அந்த எல்லையைச் சில ஆண்டுகளிலேயே பிரெஞ்சுக்காரர் தாண்டினர். 1680களின் இறுதியில், ஊதுவதை விட்டு வார்க்கும் முறையைக் கையாளத் தொடங்கினர். உருகிய குழம்பை உலோக மேசையின்மீது ஊற்றி, உருளையால் உருட்டிப் பரப்பி, சூளையிற் பல நாள் ஆறவிட்டு, இருபுறமும் தேய்த்து மெருகிட்டனர். ஆள் உயரத்தையும் மிஞ்சும் கண்ணாடிகள் இப்போது கிடைத்தன. பின்னர் சான் கோபேன் என்னும் கிராமம் இத்தொழிலின் இருப்பிடமாயிற்று. வெனிஸ் காவல் செய்தது ஊதுகுழலின் இரகசியத்தை. அதனை வென்றதோ ஊதுகுழலே வேண்டாத புதுமுறை. களவு போனதாலன்று, பூட்டிய அறைக்கு வெளியே அறிவு வளர்ந்ததாலேயே முரானோ பின்தங்கியது. 1612ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரத்திலே அந்தோனியோ நேரி என்னும் குருவானவர் கண்ணாடிக் கலவை முறைகளை நூலாக வெளியிட்டிருந்தார். 1662இல் அது ஆங்கிலத்தில் வந்தது. 1674இல் இங்கிலாந்தின் ஜோர்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் புதுவகைப் படிகக் கண்ணாடிக்கு உரிமை பெற்றார். ஈயம் சேர்த்துப் பண்படுத்திய அக்கண்ணாடி முரானோவினதைவிடக் கனமும் மினுக்கும் உடையது.

1797ஆம் ஆண்டில் வெனிஸ் குடியரசு நெப்போலியன் படைக்கு முன் வீழ்ந்தது. சில ஆண்டுகளில் பழைய கைவினைஞர் கழகங்களும் கலைக்கப்பட்டன. கைகளை மறந்தால் கலையும் மறையும் என்னும் நிலை வந்தது. அப்போது முரானோவைக் காத்தவர் மன்னருமல்லர், காவலருமல்லர். அவ்வூர்ப் பாதிரியார் வின்சென்சோ சனெத்தி, 1861ஆம் ஆண்டில் பழைய கண்ணாடிப் பொருள்களையும் ஆவணங்களையும் திரட்டிக் காட்சிச்சாலை அமைக்க முன்னின்றார். அதனோடு இணைந்து, தொழிலாளர் சித்திரம் பயில்வதற்குப் பள்ளி ஒன்றும் தோன்றிற்று. சுமார் ஐந்து நூற்றாண்டுக் காவலால் நிறைவேறாததைத் திறந்த காட்சிச்சாலையும் சிறு பள்ளியும் தொடங்கி வைத்தன. தொழில் மீண்டும் தளிர்த்தது.

இன்று சாளரக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு இயந்திரத்தாற் செய்யப்படுகிறது. 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறை அது. அவ்வாறிருந்தும் முரானோவில் ஊதுகுழல்கள் ஓயவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயு விலை ஏறியபோது பல உலைகள் அணைக்கப்பட்டன. இடர் வந்து வந்து போகின்றது. இருப்பினும் 2020ஆம் ஆண்டில், கண்ணாடி மணி செய்யும் கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. அதற்காக ஒன்றுசேர்ந்து விண்ணப்பித்த நாடுகள் இரண்டு: இத்தாலியும் பிரான்சும். ஒருகாலத்தில் ஒரு தொழிலாளிக்காக ஒன்றையொன்று வஞ்சித்த நாடுகள், இன்று அத்தொழிலாளியின் கலையைத் தம் பொதுச் செல்வம் என்கின்றன.

நேயர்களே, நாளைக் காலையில் முகம் பார்க்க நிற்கும்போது, அக்கண்ணாடியின் பின்னே ஒரு கணம் நோக்குங்கள். ஊதிய மூச்சும், நடுங்கிய கைகளும், ஊர் திரும்ப இயலாது மாண்ட இருவரும் அங்கே உளர். கலையைப் பூட்டிக் காத்தல் இயலாது. கற்றுக்கொடுத்தே காத்தல் இயலும் என்பதே அவர்கள் விட்டுச் சென்ற பாடம்.